மினாராவின் சொந்த ஊர்

2009 நவம்பரில் சுவிட்சர்லாந்து மக்கள் வாக்குப் போட்டு, இனி எங்கள் நாட்டில் மினாரா எழும்பக் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். வாக்களித்தவர்களில் 57 விழுக்காட்டுக்கும் மேல் தடையின் பக்கம். அன்றைக்கு அந்த நாடு முழுவதையும் சல்லடை போட்டுத் தேடினாலும் இருந்த மினாராக்கள் நான்குதான். காவிரிக் கடைமடையில், வங்கக் கடலோரம், நாகூரில் ஒரே தர்காவுக்கு ஐந்து மினாராக்கள். அவற்றில் பெரிய மினாரா 131 அடி. அதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சாவூர் மராத்திய மன்னர் பிரதாப சிங். இந்த இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்து நம் பெருமையைப் பேசிக்கொள்வது எளிது. மேடைகளில் அடிக்கடி நடப்பதும் அதுதான். அந்தப் பெருமையைச் சற்று ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தால், இதற்குள் ஒரு கேள்வி இருப்பது தெரியும். முஸ்லிம்கள் ஆளாத, எண்ணிக்கையிலும் குறைவாக வாழும் ஒரு மண்ணில் அவர்களுடைய வழிபாட்டிடம் என்ன வடிவம் எடுக்க வேண்டும்? ஐரோப்பாவும் அமெரிக்காவும் இதைத் தங்களுக்குப் புதிதாக முளைத்த சிக்கல் போலப் பேசுகின்றன. காவிரி டெல்டா இதைப் பல நூற்றாண்டுகளாகக் கையாண்டு வந்திருக்கிறது. கையாண்ட விதம், இன்று நம் ஊர்களில் இரு தரப்பும் சொல்லும் விடைகளில் எதற்குள்ளும் அடங்குவதாக இல்லை.

டில்லியிலும் ஐதராபாத்திலும் பீஜப்பூரிலும் எழுந்த மசூதிகளுக்குப் பின்னால் அரசு நின்றது. கஜானா, அரண்மனைச் சிற்பிகள், போரில் வென்ற பெருமிதம் எல்லாம் அந்தக் கட்டடங்களில் தெரியும். தஞ்சாவூர்ச் சீமையின் கதை வேறு. சோழர், பிறகு நாயக்கர், பிறகு மராத்தியர். மாலிக் காபூரின் படை 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்துக்குள் வந்து போனது. மதுரையில் சில பத்தாண்டுகள் சுல்தான்கள் இருந்தார்கள். 1773இல் ஆற்காட்டு நவாபு முகமது அலி கும்பெனிப் படையின் துணையோடு தஞ்சாவூரைப் பிடித்து, மூன்றே ஆண்டுகளில் துளஜா ராஜாவிடம் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. அவ்வளவுதான். இங்கே இஸ்லாம் வேர்விட்டது கப்பலிலும் கடைத்தெருவிலும் இறைநேசர்களின் அடக்கத்தலங்களிலும். நாகூர், நாகப்பட்டினம், திருமுல்லைவாசல், தோப்புத்துறை, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று கடலோரம். கூத்தாநல்லூர், பொதக்குடி, அய்யம்பேட்டை, ராஜகிரி, வழுத்தூர், நீடூர் என்று வயல்களுக்கு நடுவே. அரசு கட்டிய மசூதி ஆதிக்கத்தைச் சொல்லும். வியாபாரியும் கொடிக்கால்காரரும் கூடிக் கட்டிய பள்ளிவாசல், அக்கம்பக்கத்தாரோடு செய்துகொண்ட ஏற்பாட்டைச் சொல்லும். இந்த வகையில் டெல்டாவின் பள்ளிவாசலுக்கு நெருங்கிய உறவு டில்லி ஜும்மா மசூதி அல்ல. கேம்பிரிட்ஜிலும் கொலோனிலும் குடியேறிகள் கட்டியிருக்கும் மசூதிகள்தான்.

பெயரிலேயே அந்த ஏற்பாடு இருக்கிறது. மஸ்ஜித் என்ற அரபுச் சொல்லைத் தமிழ் முஸ்லிம்கள் அறியாதவர்கள் அல்ல. ஆனாலும் அன்றாடப் பேச்சில் அது பள்ளிவாசல். பள்ளி என்பது சமணரும் பௌத்தரும் புழங்கிய சொல். நாகப்பட்டினத்தில், ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரத்தைச் சோழர் செப்பேடு பெரும்பள்ளி என்றே குறிக்கிறது. கடல் கடந்து வந்த ஒரு அரசர், தம் சமயத்துக்காக, தம் தந்தையின் பெயரால் கட்டிய கோயிலுக்குச் சைவச் சோழன் ஆனைமங்கலம் என்ற நெல் விளையும் ஊரின் வருமானத்தை எழுதிக்கொடுத்தான். அந்த இடத்தில் எஞ்சி நின்ற செங்கல் கோபுரத்தைச் சீனக் கோபுரம் என்று மாலுமிகள் அழைத்தார்கள். 1867இல் இயேசு சபையினர் அதை இடிக்கும்வரை கடலிலிருந்து கரையை அடையாளம் காட்டியது அதுதான். ஆக, நாகூரின் மினாராவுக்கு முன்பே இந்தக் கரையில் அயல் சமயத்தின் உயர்ந்த கோபுரம் ஒன்று நின்றிருக்கிறது. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டுகளின் நகைப் பட்டியலில் ‘சோனகச் சிடுக்கின் கூடு’ என்று ஓர் அணிகூட வருகிறது. சோனகர் என்பது மேற்காசியாவிலிருந்து வந்தவர்களுக்கு நம் பழைய பெயர். அவர்கள் வேலைப்பாடு பெருவுடையாரின் நகைப்பெட்டிவரை போயிருக்கிறது. எது நம்முடையது, எது வந்தது என்று கோடு கிழிக்கப் புறப்படுகிறவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்கலாம்.

மார்க்கம் என்ன கேட்கிறது என்பதையும் முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தொழுகைக்குத் தேவை சுத்தமான தரை, மக்காவை நோக்கிய கிப்லாத் திசை, தோளோடு தோள் நிற்க வரிசை, ஒளுச் செய்யத் தண்ணீர். மதீனாவில் நபிகள் கட்டிய பள்ளிக்குச் சுடாத மண்கல் சுவர், ஈச்சமரத் தண்டே தூண், ஈச்ச ஓலையே கூரை. மினாரா கிடையாது, குப்பா என்னும் குவிமாடமும் கிடையாது; பிலால் உயரமான கூரை ஒன்றில் ஏறி நின்று பாங்கு சொன்னார். அந்தப் பள்ளிக்கு மினாராக்கள் வந்தது ஏறக்குறைய 80 ஆண்டுகள் கழித்து, உமையாக் கலீபா வலீது காலத்தில். குப்பா பைசாந்தியத் தேவாலயங்களிலிருந்தும் பாரசீக அரண்மனைகளிலிருந்தும் வந்து சேர்ந்த வடிவம். இஸ்தான்புல்லின் பெரும் மசூதிகளுக்கு முன்மாதிரியாக நின்றது ஹாகியா சோபியா என்ற கிறித்தவக் கோயில். அதாவது இஸ்லாமியக் கட்டடக் கலை என்று நாம் படத்தில் பார்த்துப் பழகியது, போன இடத்தில் கிடைத்த பொருளையும் கைகளையும் கொண்டு கட்டிய பழக்கத்தின் விளைவு. ஈச்சமரம் இருந்த ஊரில் ஈச்சமரம். கல் இருந்த ஊரில் கல்.

தமிழ்க் கடற்கரையின் பழைய பள்ளிகள் இந்தப் பழக்கத்தின் தெளிவான சான்றுகள். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நிற்கும் கல் பள்ளிகளுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது தூண்கள்: சதுர அடி, எண்பட்டை நடு, மேலே பொதிகை, பொதிகையில் தாமரை மொட்டு. கோயில் மண்டபத் தூணிலிருந்து அவற்றைப் பிரிப்பது ஒன்றே ஒன்று, உருவங்கள் இல்லாமை. யாளியும் பாவையும் இருக்க வேண்டிய இடத்தில் கொடியும் பூவும் கோலக் கட்டங்களும். கற்பலகை பாவிய தட்டையான கூரை, முன்னால் தூண் நிரை கொண்ட வெளிப்பள்ளி, உள்ளே உள்பள்ளி, மேற்குச் சுவரில் கிப்லாவைக் காட்டும் மாடமான மிஹ்ராப். மக்கா இங்கிருந்து மேற்குக்குச் சற்று வடக்கே இருப்பதால் வாசல் கிழக்கே வந்துவிடுகிறது. கிழக்கு வாசல் கோயில் கட்டிப் பழகிய ஸ்தபதிக்கு இதில் திசைக் குழப்பம்கூட இருந்திருக்காது. திருச்சியில் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள கல்லுப்பள்ளி இன்னும் எளிமை. ஒரு சிறிய கல் மண்டபம், அவ்வளவே. அங்குள்ள கல்வெட்டில் ஹிஜ்ரி 116, அதாவது கி.பி. 734 என்று ஆண்டு இருப்பதாகச் சொல்கிறார்கள். கட்டடமே அவ்வளவு பழையதா என்பது விவாதத்துக்குரியது. என் வாதத்துக்கு வயது முக்கியமல்ல. 8ஆம் நூற்றாண்டோ அதற்கு வெகு பின்னரோ, கட்டியவர்கள் அரபுநாட்டு மாதிரியைத் தேடிப் போகாமல் காவிரிக்கரைக் கல்தச்சனைத் தேடிப் போனார்கள் என்பதே முக்கியம்.

இந்தப் பள்ளிகளைப் பற்றிப் படிக்க விரும்புகிறவருக்கு நல்ல வேலைகள் இருக்கின்றன. புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜெ. ராஜா முகமது தமிழக இஸ்லாமியக் கட்டடக் கலை பற்றித் தனி நூலே எழுதினார். மெஹர்தாத் ஷொகூஹி கரையோரப் பள்ளிகளை அளந்து வரைபடங்களோடு 2003இல் வெளியிட்டார். கோம்பை எஸ். அன்வரின் ‘யாதும்’ ஆவணப்படம், தமிழ் முஸ்லிமின் வேர்களைத் தேடிப் போகும் வழியில் இந்தக் கல் தூண்களைப் பொதுமக்கள் கண்ணுக்குக் கொண்டுவந்தது. இவற்றின் பலனாக ‘திராவிடப் பாணிப் பள்ளிவாசல்’ என்ற சொல் புழக்கத்துக்கு வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்தச் சொல் பரவப் பரவ ஒரு சுருக்குவழியும் சேர்ந்துகொண்டது: கல் தூண் என்றால் நம் மண், குப்பாவும் மினாராவும் என்றால் அயல். முகநூல் பதிவுகளுக்கு வசதியான கணக்கு. நாகூர் அந்தக் கணக்கில் அடங்காது.

நாகூர் தர்காவின் ஆண்டவர் ஷாகுல் ஹமீது, உத்தரப்பிரதேசத்து மாணிக்கப்பூரில் பிறந்து 16ஆம் நூற்றாண்டில் இங்கு வந்து அடங்கியவர். தஞ்சாவூர் அச்சுதப்ப நாயக்கரின் நோயைத் தீர்த்தார், அவர் நிலம் கொடுத்தார் என்பது தர்கா மரபு. பிள்ளை வரம் வேண்டிப் பலித்ததால் பிரதாப சிங் பெரிய மினாராவைக் கட்டினார் என்பதும், துளஜா ஏராளமான நன்செய் மானியம் விட்டார் என்பதும் அதே மரபு. ஐந்தில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர்: சாகிபு மினாரா, தலைமாட்டு மினாரா, முதுபக்கு மினாரா, ஒட்டு மினாரா, பெரிய மினாரா. தலைமாட்டு, ஒட்டு, பெரிய! அரபும் தமிழும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெயர்கள். வடிவமும் அப்படித்தான். துருக்கி மினாராவைப் போல ஊசியாக மெலிந்து போவதில்லை. ஆக்ராவைப் போல உருண்டு திரண்டதும் அல்ல. சிறுத்துக்கொண்டே போகும் அடுக்குகள், அடுக்குக்கு அடுக்கு சின்னச் சின்ன மாடங்கள், வெள்ளைக் காரைப் பூச்சு. கோபுரம் கட்டிய கைகளுக்கு மினாரா கட்டச் சொன்னால் என்ன வருமோ அது. மினாரா என்ற எண்ணம் வெளியே இருந்து வந்தது. செங்கல், சுண்ணாம்பு, கணக்கு, பணம், நேர்த்திக்கடன் ஐந்தும் உள்ளூர். கந்தூரிக் கொடி நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வடிவ ரதத்தில் ஊர்வலமாக வந்து இந்த ஐந்து மினாராக்களிலும் ஏறும்போது, கீழே நின்று பார்ப்பவர்களில் எத்தனை பேர் முஸ்லிம்கள் என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆகவே மினாரா அயல் வடிவம் என்றால் நாகூரே அயலாகிவிடும். கல் தூண் மட்டுமே தமிழ் என்றால் தஞ்சாவூர் ராஜாவின் நேர்த்திக்கடனைத் தமிழ் வரலாற்றிலிருந்து வெட்டி எடுக்க வேண்டிவரும்.

குப்பாவின் கதையும் இப்படியே குழம்பும். பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று நிற்கிறது. வட்டமான செங்கல் சுவர், மேலே கூம்பிக் குவியும் கவிகை, ஏறக்குறைய 36 அடி உயரம். மூவாயிரம் கலம் நெல் கொள்ளும். உத்தரமும் தூணும் இன்றிப் பெரிய வெளியை மூடும் வித்தை தொழுகைக்காக அல்லாமல் நெல்லுக்காகவே இங்கே புழங்கியிருக்கிறது. தஞ்சாவூர் அரண்மனையின் கூடங்களில் வளைவுகளும் கவிகைகளும் நிறைய. நாயக்கர்கள் தக்காணத்துச் சுல்தான்களின் தலைநகரங்களைப் பார்த்து, அரசு என்றால் வளைவு என்று எடுத்துக்கொண்டதன் அடையாளம் அது. கோயிலுக்குக் கல் உத்தரமும் அரண்மனைக்குச் செங்கல் வளைவும் என்று பிரித்து வைத்துக்கொண்டார்கள். சமய வேறுபாட்டை அவர்கள் பார்க்கவில்லை, பயன் வேறுபாட்டைப் பார்த்தார்கள். டெல்டாவில் மலை கிடையாது. கல் மேற்கே திருச்சி, புதுக்கோட்டைப் பக்கமிருந்துதான் வர வேண்டும். வண்டலும் சூளையும் சுண்ணாம்பும்தான் உள்ளூர்ச் செல்வம். அதனால் செங்கல்லில் பிறக்கும் வடிவங்களான வளைவும் கவிகையும் இந்த மண்ணுக்குக் கல் தூணைவிடக் கூடுதல் நெருக்கம் என்றே வாதாடலாம்.

வந்ததை உள்ளூர் மண்ணில் ஊன்றும் இதே காரியத்தை இலக்கியத்தில் உமறுப் புலவர் செய்தார். சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அரபு நாடு மருத நிலமாக நெல்லும் நீருமாக விரிகிறது. பாலையை அறியாத குற்றம் அல்ல அது. காப்பியம் எந்த மொழியில் எழுதப்படுகிறதோ அந்த மொழியின் நிலத்தில்தான் கால் ஊன்ற முடியும் என்ற தெளிவு.

நாகூரின் வடிவம் கடல் கடந்தும் போயிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன சோழமண்டலத்துச் சூலியா வணிகர்கள் இரண்டு இடத்திலும் நாகூர் ஆண்டவர் பேரில் தர்கா கட்டினார்கள். சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1828 முதல் 1830 வரை கட்டிய தர்கா அடக்கம் இல்லாத தர்கா. நினைவுக்காக மட்டும் நிற்பது. அதன் கீழ்த்தளத்தில் ஐரோப்பியச் சாயலில் பெரிய வளைவுகளும் அரைத்தூண்களும், மேலே குட்டி அரண்மனை போலத் துளையிட்ட கைப்பிடிச்சுவர், மூலைகளில் நாகூரை நினைவுபடுத்தும் அடுக்கு மினாராக்கள். 1974இல் அது அந்நாட்டின் தேசிய நினைவுச் சின்னமாயிற்று. ஊர் விட்டு ஊர் போன தமிழ் முஸ்லிம் தன் அடையாளமாக எடுத்துப் போனது மக்காவின் வடிவத்தை அல்ல, நாகூரின் வடிவத்தை. போன இடத்தில் அந்த ஊர்க் கொத்தர்களின் பழக்கத்துக்கு இடம் விட்டதால் அதுவும் உருமாறியது. உள்ளூர், அயல் என்பவை நிலையான இரண்டு பெட்டிகள் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

மேற்கு நாடுகள் இதே பாதையில் பின்னால் வருகின்றன. பிரிட்டனில் தொழுகைக்கென்றே கட்டிய முதல் மசூதி 1889இல் வோக்கிங்கில் எழுந்தது. பணம் போபால் பேகம் ஷாஜஹானுடையது, வரைந்தவர் வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர். கீழைநாடு எப்படி இருக்கும் என்று ஓர் ஆங்கிலேயர் கற்பனை செய்த வெங்காயக் குப்பா அதற்கு வாய்த்தது. 1957இல் வாஷிங்டனில் திறந்த இஸ்லாமிய மையம் கெய்ரோவின் மம்லூக் பாணியை அப்படியே கொண்டுவந்தது. தூதரகங்களும் மன்னர்களும் பணம் கொடுத்த காலத்தில் அந்தந்த நாட்டின் பிரதிதான் வரும். அங்கேயே பிறந்து வளர்ந்த தலைமுறை பணமும் இடமும் சேர்த்தபிறகு மாற்றம் தெரிகிறது. ஜெர்மனியின் பென்ஸ்பர்க் என்ற சிற்றூரில் 2005இல் கட்டிய மசூதியின் மினாரா எஃகுத் தகடு; பாங்கின் சொற்கள் அதில் எழுத்தாகத் துளைக்கப்பட்டிருக்கின்றன, ஒலிக்கு அனுமதி கிடைக்காத ஊரில் ஒளியால் பாங்கு. கொலோன் மசூதியை வரைந்த பால் பேம், தேவாலயங்கள் கட்டிப் பேர்பெற்ற குடும்பத்துப் பிள்ளை. 2019இல் திறந்த கேம்பிரிட்ஜ் மசூதியில் மினாராவே இல்லை, சின்னதாக ஒரு பொன்னிறக் குப்பா மட்டும். உள்ளே மரத்தூண்கள் கிளை விரித்துக் கூரையைத் தாங்குகின்றன. இஸ்லாமியக் கோலக் கணிதமும் ஆங்கிலத் தேவாலயத்தின் விசிறிக் கவிகையும் அந்த மரக்கிளைகளில் ஒன்றாகிவிட்டன. கீழக்கரைக் கல்தச்சர் செய்ததும் இதுவே. அவரை ‘சமகாலம்’ என்று அழைக்கத்தான் எவருக்கும் தோன்றவில்லை.

இப்போது டெல்டாவுக்குத் திரும்பினால், நடப்பது நேர் எதிர்த்திசை. பழைய பள்ளிகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் கான்கிரீட் மாடி, பச்சையோ பொன்னோ பூசிய குப்பா, இரண்டோ நான்கோ மினாரா, முகப்பு முழுக்கப் பளபளக்கும் டைல்ஸ். எலிவேஷன் என்று ஊரில் சொல்லும் முகப்பைக் கணினியில் வரைந்து ஃபிளெக்ஸில் அடித்து வாசலில் கட்டிய பிறகே வசூல் தொடங்குகிறது. ஃபைபரில் வார்த்த குப்பா லாரியில் வந்து இறங்கும், கிரேன் தூக்கி வைக்கும். பெயரும் மாறுகிறது, மேலத்தெருப் பள்ளி பலகையில் மஸ்ஜித் ஆகிறது. இதற்கு அரபுமோகம் என்று ஒரே சொல்லில் காரணம் சொல்வோர் உண்டு, அது சோம்பேறித்தனம். முதல் காரணம் பணம் வந்த வழி. ஒரு காலத்தில் பர்மாவிலும் மலாயாவிலும் சம்பாதித்த சபுராளிகள் தேக்கு மரத்தையும் வண்ணக் கண்ணாடியையும் கொண்டுவந்தார்கள். இன்றைய சபுராளி துபாயிலும் ஜித்தாவிலும் வெள்ளிக்கிழமை தொழுத பள்ளியின் வடிவத்தை மனத்தில் கொண்டுவருகிறார். இரண்டாவது காரணம் சிமெண்ட். சுண்ணாம்பைக் கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிக்க வேண்டும். சென்ட்ரிங் ஆள் தெருவுக்குத் தெரு இருக்கிறார். மூன்றாவது, எண்ணிக்கை. நூறு பேருக்குக் கட்டிய பள்ளியில் ஜும்ஆவுக்கு ஆயிரம் பேர் வந்தால் பாதிப்பேர் வெயிலில்தான் நிற்பார்கள். நான்காவது காரணத்தைப் பேசத் தயங்குகிறோம்: 1992இல் பாபர் மசூதி இடிக்கப்பட்டதற்குப் பிறகு, தன்னை மறைத்துக்கொள்ளாமல் தெரியும்படி நிற்க வேண்டும் என்ற எண்ணம். தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும் குப்பா அந்த எண்ணத்துக்கு ஒரு வடிவம்.

இங்கே ஒரு கடுமையான எதிர்வாதத்துக்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது. திராவிடப் பாணியைப் புகழ்வது ஒரு வகையில் விசுவாசச் சோதனைதானே? சிறுபான்மையினர் மட்டும் ஏன் தங்கள் கட்டடத்தால் தாங்கள் இந்த மண்ணின் மக்கள் என்று நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும்? நியாயமான கேள்வி. நாகூரிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லக்கூடிய வேளாங்கண்ணியில் கோதிக் ஊசிக் கோபுரங்கள் வெள்ளையாக நிற்கின்றன. பிரெஞ்சுக்காரர் வடிவம் எங்களுக்கு எதற்கு என்று அங்கே வண்டி வண்டியாக வரும் இந்துக்கள் கேட்பதில்லை. நம்மூர்க் கல்யாண மண்டபங்களின் முகப்பில் கிரேக்கத் தூண் நிற்கிறது. அதற்கும் யாரும் விளக்கம் கேட்பதில்லை. அப்படியிருக்க மினாராவை மட்டும் குறுக்கு விசாரணை செய்தால், அது கலை விமரிசனம் ஆகாது. இதை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். சுவிட்சர்லாந்தின் தடை எவ்வளவு தவறோ, ‘பொதிகை வைத்த தூண் இருந்தால்தான் நீ தமிழன்’ என்று சொல்வதும் அதே தவறின் இனிப்புப் பூசிய வடிவம். ஆனால் இந்த வாதம், எதைக் கட்டினாலும் சரி என்ற முடிவுக்குக் கொண்டுபோகாது. என் குறை குப்பாவின் மேல் இல்லை, அது வரும் வழியின் மேல். நாகூர் மினாராவைக் கட்ட நினைத்தவர்கள் உள்ளூர்க் கொத்தனாரிடம் பேசித்தான் ஆக வேண்டியிருந்தது. என்ன செங்கல், எவ்வளவு அடித்தளம், கடல்காற்று எந்தப் பக்கம் என்ற பேச்சில் வடிவம் தானாக இந்த ஊருக்கு ஏற்றதானது. லாரியில் வந்து இறங்கும் குப்பாவுக்கு அந்தப் பேச்சு தேவைப்படுவதில்லை. இதே லாரியில்தான் ஒரே அச்சில் வார்த்த கோயில் வளைவுகளும் வந்து இறங்குகின்றன என்பதால், நோய் ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதும் அல்ல.

இரண்டாவது எதிர்வாதம் இடப் பற்றாக்குறை. இதைக் கேலி செய்ய முடியாது. தொழ இடமில்லாத அழகான கட்டடம் அருங்காட்சியகம்தான். ஆனால் இடிப்பது ஒன்றே வழியல்ல என்பதற்குக் கேரளத்தில் கொடுங்கல்லூர் சேரமான் பள்ளி உதாரணம். அங்கே கடந்த நூற்றாண்டில் சேர்த்த குப்பாவும் மினாராவும் கொண்ட கான்கிரீட் பகுதிகளை நீக்கி, பழைய ஓட்டுக் கூரை வடிவத்தை மீட்டு, கூடுதல் தொழுகைக் கூடத்தை நிலத்துக்கு அடியில் கொண்டுபோனார்கள். டெல்டாவில் குழி தோண்டினால் தண்ணீர் ஊறும். அந்த வழி இங்கே அப்படியே பொருந்தாது. பழைய பள்ளியை உள்பள்ளியாக வைத்துக்கொண்டு கிழக்கே வெளிப்பள்ளியை நீட்டுவது பொருந்தும். பழைய பள்ளிகள் பலவும் அப்படி வளர்ந்தவைதாம். வரிசை வரிசையாகத் தூண் சேர்ப்பது அந்த அமைப்பின் இயல்பு. குப்பாவை நடுவில் வைத்த கட்டடத்தை நீட்டுவதுதான் கடினம்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் ஒரு மறுப்பு வரும். தர்கா மார்க்கத்தில் இல்லாத ஒன்று, அதை வைத்து இஸ்லாமியக் கலையைப் பேசுவதே பிழை என்பது சீர்திருத்தக்காரர்கள் வாதம். அடக்கத்தலத்தில் வேண்டுதல் கூடுமா என்பது மார்க்க அறிஞர்கள் பேச வேண்டியது. இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. ஆனால் எளிமைக்காகத் தர்காவை மறுக்கும் அதே வாயால் நான்கு மினாராவும் இத்தாலி மார்பிளும் கேட்பது எனக்கு விளங்கவில்லை. மதீனாவின் ஈச்ச ஓலைக் கூரைக்கு நெருக்கமாக நிற்பது கல்லுப்பள்ளியின் சிறு மண்டபமா, பளபளக்கும் புது முகப்பா? சீர்திருத்த நோக்கில் பார்த்தாலும் விடை கல்லுப்பள்ளியின் பக்கம்தான். அதே சமயம் அந்த இயக்கங்கள் செய்த ஒரு நன்மையை மறைக்கக் கூடாது. அவர்களுடைய புதுப் பள்ளிகள் பலவற்றில் பெண்களுக்குத் தனி வழியும் தொழும் இடமும் திட்டத்திலேயே இருக்கின்றன. காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்று தைக்காக்கள் உண்டு என்றாலும், பழைய பள்ளிகள் பெரும்பாலானவற்றின் வரைபடத்தில் பெண் இல்லை. பழமையை மெச்சுகிறவர்கள் இந்த ஓட்டையைப் பூசி மறைத்துவிட்டு மெச்சக் கூடாது.

புதிதாகக் கட்டினால் எப்படிக் கட்டலாம் என்பதற்கு நமக்கு மிக நெருக்கமான பாடம் இன்னொரு நெல் டெல்டாவிலிருந்து வருகிறது. டாக்காவில் மரினா தபஸ்ஸும் 2012இல் கட்டி முடித்த பைத்துர் ரவூப் மசூதி 2016இல் ஆகா கான் விருது பெற்றது. அவருடைய பாட்டி கொடுத்த நிலம், சிறிய செலவு. குப்பா இல்லை, மினாரா இல்லை. சதுரத்துக்குள் ஒரு வட்டம், வட்டத்துக்குள் சற்றுத் திருப்பிய இன்னொரு சதுரம். அந்தத் திருப்பம் கிப்லாவுக்காக. சுவர் முழுக்கச் சுட்ட செங்கல், இடையிடையே கல் விட்டு அடுக்கியதால் காற்றும் வெளிச்சமும் தாமே வருகின்றன, ஏசி வேண்டாம். வண்டல் மண், ஈரக்காற்று, கொளுத்தும் வெயில், கையில் கிடைப்பது சூளைச் செங்கல் என்று பார்த்தால் கும்பகோணத்துக்கும் டாக்காவுக்கும் கட்டடக்காரர் கண்ணில் பெரிய வித்தியாசமே இல்லை. நம் பழைய பள்ளியில் வெளிப்பள்ளியின் நிழலும் ஒளுச் செய்யும் ஹவுளில் தேங்கிய தண்ணீரும் செய்த வேலையை அங்கே செங்கல் இடைவெளி செய்கிறது. கான்கிரீட் கூரையின் கீழ் நண்பகலில் சூடு தலைக்கு இறங்குவதையும், குப்பாவின் கீழ் ஓதும் குரல் எதிரொலித்துச் சிதறுவதையும் அறிந்த ஜமாஅத்துகளுக்கு இதில் யோசிக்க விஷயம் இருக்கிறது. விருது பெற்றவர் முஸ்லிம் பெண் கட்டடக் கலைஞர் என்பதால், இது மார்க்கத்துக்கு வெளியே இருந்து வரும் புத்திமதி என்று தள்ளிவிடவும் முடியாது.

அப்படிக் கட்டத் தொடங்கும்வரை செய்ய வேண்டிய வேலை ஒன்று சின்னது, அவசரமானது. டெல்டாவின் உள்ளூர்களில் இன்னும் இடிபடாமல் நிற்கும் செங்கல் பள்ளிகள் எத்தனை, அவற்றின் தூண் இடைவெளி என்ன, பூச்சு என்ன கலவை, மிஹ்ராப் எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்ற அளவுகளை எடுத்து வைப்பது. கீழக்கரைக்கும் காயலுக்கும் கிடைத்த கவனம் ராஜகிரிக்கும் பொதக்குடிக்கும் கிடைக்கவில்லை. கல் அல்ல, காரைதானே என்ற அலட்சியம் ஆய்வாளர்களுக்கும் உண்டு. பொறியியல் கல்லூரி மாணவர் நான்கு பேர், அளவு நாடா, ஒரு வாரம், பள்ளி நிர்வாகியான முத்தவல்லியின் அனுமதி இருந்தால் ஒரு பள்ளியின் வரைபடம் முடிந்துவிடும். ஜமாஅத் பிறகு அதை இடிக்கலாம், நீட்டலாம், அப்படியே விடலாம்; அது அவர்கள் உரிமை. ஆனால் புது எலிவேஷனை ஃபிளெக்ஸில் மாட்டும் நாளில் பழைய பள்ளியின் வரைபடமும் பக்கத்தில் தொங்கினால், பஜ்ருக்கு வந்தவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டுப் பேசிக்கொண்டு போவார்கள்.